ஞாயிற்றுக்கிழமை மரங்கொத்தி

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடுகிறது. காலையிலிருந்து இங்கே கிடக்கிற எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இது ஒன்றுதான் உருப்படி. நான் தள்ளிக்கொள்கிறேன்.

வீட்டுக்காரருக்கா டயாலிசிஸ்? சரி, சரி, சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் நோயை விசாரிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். எனக்குச் சிறுநீரகம் இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன. நான் வந்தது கூட்டத்துக்கு. அதோ, அந்தக் கதவுக்குப் பின்னால் நடக்கிறதே, அந்தக் கூட்டம். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதனால்தான் என்னை வெளியே வைத்திருக்கிறார்கள். "கொஞ்சம் இருங்க சார், கூப்பிடறோம்" என்றார் மேலாளர் ஆறுச்சாமி. கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதைச் சொல்லவில்லை.

என் பெயர் தெய்வசிகாமணி. கோயமுத்தூர், பீளமேடு. இங்கே வாராவாரம் போனில் முறை பதிவு செய்கிறீர்கள் அல்லவா, அந்த வலைத்தளம் என் சட்டகத்தின் மேல் நிற்கிறது. சட்டகம் என்றால்... கல்யாணப் பந்தல் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வீடு புதிதாக மூங்கில் வெட்டிக்கொண்டு வர மாட்டார். கால், குறுக்குக் கழி, கயிறு எல்லாம் அவரிடம் தயாராக இருக்கும். இறக்கி, நட்டு, மேலே துணியை விரித்துவிட்டுப் போவார். வலைத்தளம் கட்டுகிறவர்களுக்கு நான் அப்படிக் காலும் கழியும் செய்து வைத்திருக்கிறேன். பந்தக்கால் என்று பெயர். ஃப்ரேம்வொர்க் என்பார்கள் எங்கள் ஆட்கள். தமிழில் சட்டகம் என்று சொன்னால் வாய் வலிக்குமாம்.

இலவசம்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கல்யாண மண்டபம், போர்வெல் ரிக் வண்டிக்காரர், கோழித்தீவனக் கடை, கடைசியில் இந்த டயாலிசிஸ் சென்டரை நடத்துகிற டிரஸ்ட். எல்லாருக்கும் என் போன் நம்பர்தான் கதி. குளித்துக்கொண்டிருப்பேன், அடிக்கும். சாப்பிட உட்காருவேன், அடிக்கும். தொந்தரவுதான், என்ன செய்வது? போன வாரம் ரொம்ப அடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை எல்லாரும் பழகிக்கொண்டார்களோ என்னவோ.

உள்ளே என்ன முடிவாகப் போகிறது என்று கேட்கிறீர்களா? பந்தக்காலை வைத்துக்கொள்வதா, பிடுங்கிப் போட்டுவிட்டு தில்ஷாத் செய்ததை நடுவதா என்று. யாரோ ஒரு நோயாளிக்கு முறை தவறிவிட்டதாம். ஆறுச்சாமி போனில் சொன்னார். முறை கிடைக்காமல் அவரைக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். வருத்தம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு என் பக்கம் சரியாக வேலை செய்தது. பதிவேடு முழுக்கப் பார்த்துவிட்டேன். ஒரு பிழை இல்லை.

தில்ஷாத் யார் என்று சொல்லவில்லையே. குனியமுத்தூர்ப் பெண். அவளையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், உள்ளேதான் இருக்கிறாள். பகலில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தக்காலுக்கு வேலை செய்து கொடுத்தாள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். இரண்டு வருஷமாக நானும் அவளும்தான். கெட்டிக்காரி. அவசரக்காரி. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் கூட இருக்கிறவனுக்குத் தலைவலி.

இந்த வருஷம் மழை முடிந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள். "அண்ணா, நம்மகிட்ட மெயின்டனன்ஸ் மோட் இல்லைங்ணா. வேலை நடக்கும்போது ஜனங்க பாதித் தளத்துல வந்து முட்டிக்கறாங்க." உண்மைதான். கடையில் வெள்ளையடிக்கும்போது ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு பலகை மாட்டுகிறோம் இல்லையா, அதைப் போல. ஒரு பொத்தானை அழுத்தினால் தளம் முழுக்க மூடிக்கொள்ள வேண்டும். வருகிறவர்களுக்கு ஒரே ஒரு பக்கம் தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தினால் பழையபடி திறந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாரத்தில் எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். நான் பார்த்தேன். வேலை செய்தது. வேலை செய்தால் போதுமா?

முதலில் பெயர். பராமரிப்பு நிலை என்று வைக்கலாம் என்றேன். "அண்ணா, அது முனிசிபாலிட்டி பார்க் போர்டு மாதிரி இருக்குது" என்றாள். அதற்கு நான் பூங்காப் பராமரிப்பும் தளப் பராமரிப்பும் ஒன்றல்ல என்று விளக்கி ஒரு குறிப்பு எழுதினேன். நீளமான குறிப்புதான். அவள் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டாள்.

அடுத்தது எண். இது உங்களுக்குப் புரியும், கேளுங்கள். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எண் கூடவே வரும். நானூற்று நான்கு வந்தால் அப்படி ஒரு கடையே கிடையாது என்று அர்த்தம். ஐந்நூற்று மூன்று வந்தால் கடை இருக்கிறது, இப்போது மூடியிருக்கிறது. இருநூறு வந்தால் எல்லாம் நலம். அவள் அவசரத்தில் இருநூறு போட்டிருந்தாள். மூடிய கடையில் நின்றுகொண்டு எல்லாம் நலம் என்பது பொய். திருத்தச் சொன்னேன். திருத்தினாள். அதில் மட்டும் அவளும் நான் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டாள்.

பிறகு பலகையில் என்ன எழுதுவது. அவள் மூன்று யோசனை சொன்னாள். எப்போது திறக்கும் என்று நேரம் போடலாம். சென்டரின் போன் நம்பரைப் போடலாம். அவசரம் என்றால் நேரில் வாருங்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். நான் மூன்றையும் எடுத்துவிட்டேன். நேரம் போட்டால் அந்த நேரத்துக்குத் திறக்க வேண்டும். திறக்க முடியாவிட்டால் வாக்குத் தவறியதாக ஆகும். போன் நம்பர் தளத்துக்குத் தளம் மாறும், சட்டகத்தில் அதற்கு இடமில்லை. கடைசியில் நான் எழுதியதுதான் நின்றது. "தங்கள் வருகைக்கு நன்றி. இத்தளத்தில் பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. விரைவில் திறக்கும். பொறுத்தருள்க." நல்ல கனிவான வாசகம். இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன்.

நீங்கள் பார்த்தீர்களா அந்தப் பக்கத்தை? பார்த்தீர்களா! எழுத்து தெளிவாகத் தெரிந்ததா? சின்ன போனில் கடைசி வரி மடங்கிவிடுமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. மடங்கவில்லையா? நல்லது. நோயாளி வீட்டார் ஒருவரிடமிருந்து இப்படி நேரில் கேட்க எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

சண்டை வந்தது பக்கவாசலில். தளம் மூடியிருக்கும்போது அதன் சொந்தக்காரர் மட்டும் உள்ளே போக ஒரு ரகசிய வழி வேண்டும் என்றாள் தில்ஷாத். நான் கூடாது என்றேன். விதி என்றால் எல்லாருக்கும் விதி. ஒரு வழி வைத்தால் அந்த வழியில் திருடன் வருவான்.

"அண்ணா, தொறக்கற பொத்தான் உள்ளதானே இருக்குது? மூடினதுக்கப்புறம் சொந்தக்காரரே உள்ள போக முடியாதே. வீட்டைப் பூட்டிச் சாவிய உள்ள வச்சுட்டு வாசல்ல நிக்கற மாதிரி ஆயிருமுங்ணா."

"சர்வரில் நேராக இறங்கித் திறந்துவிடலாம்."

"ஆறுச்சாமி சாருக்குச் சர்வர்ல இறங்கத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். என்னைக் கூப்பிடட்டும்."

"அப்ப விதி எல்லாருக்கும்னீங்க, உங்களுக்கு மட்டும் இல்லையாக்கு?"

"அது விதிவிலக்கு இல்லை. பொறுப்பு."

அதற்கு அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "சரிங்ணா. நீங்க பொறுப்பா இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு கேள்விப்பட்டேன், பந்தக்காலை அப்படியே நகல் எடுத்து, அதில் பக்கவாசலும் போன் நம்பரும் நேரமும் எல்லாம் வைத்து, வேறு பெயரில் விட்டிருக்கிறாள் என்று. செய்யலாம். இலவசம் என்றால் அதற்கும் உரிமை உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விமரிசனக் குறிப்பு மட்டும் எழுதினேன். அதுவும் கொஞ்சம் நீளம்தான்.

இவ்வளவு நான் சொல்வது எதற்கு என்றால், அந்தச் சனிக்கிழமைக்கு வர வேண்டும். இங்கே இரண்டு மெஷின் புதிதாக வந்தது. அதைத் தளத்தில் சேர்ப்பதற்காக ஆறுச்சாமி பொத்தானை அழுத்தி மூடினார். சேர்த்தார். திறக்கப் பார்த்தார். பொத்தான் உள்ளே. அவர் வெளியே.

கூப்பிட்டார். எடுத்தேன். யாரும் நான் போன் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. "சார், தொறந்து உடுங்க சார், நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் அடுத்த வாரத்துக்கு முறை போடுவாங்க" என்றார். திறப்பது ஒரு நொடி வேலை. ஆனால் மூடினது மூடியாகிவிட்டது. முதல் முறையாக ஒரு நிஜமான இடத்தில் பராமரிப்பு நிலை ஓடுகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்காமல் திறப்பது என் பழக்கமில்லை. "திங்கட்கிழமை காலையில் சுத்தமாகத் திறந்து தருகிறேன்" என்றேன். சொன்ன மாதிரியே திறந்தேன்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்தேன். யார் வந்தார்கள், என்ன எண் போனது என்று வரி வரியாக ஓடும். ஒவ்வொருவருக்கும் ஐந்நூற்று மூன்று, ஐந்நூற்று மூன்று. ஒரு தடவை பார்த்துவிட்டு அவரவர் போய்விட்டார்கள். வாசகத்தைப் படித்துப் புரிந்துகொண்டு போயிருக்கிறார்கள். பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

ஒன்றைத் தவிர. ஒரே ஒரு போன், காலையிலிருந்து விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. சில நிமிஷத்துக்கு ஒரு தட்டு. நிறுத்துகிற வழியாக இல்லை. மதியம் ஆயிற்று, அப்போதும் தட்டு. இது மனுஷன் இல்லை என்று தெரிந்துவிட்டது. மனுஷன் என்றால் சோறு தின்னப் போவான். கை வலிக்கும், சலித்துப்போகும். இப்படித் தட்டுவதற்கென்றே இயந்திரங்கள் உண்டு, எங்கே ஓட்டை விழும் என்று தட்டித் தட்டிப் பார்க்கும். மரங்கொத்தி என்று பெயர் வைத்தேன். பக்கவாசல் மட்டும் இருந்திருந்தால் இந்த மரங்கொத்தி உள்ளே போயிருக்கும் இல்லையா? தில்ஷாத்துக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அந்த ஒரு போனை மட்டும் தடுத்துவிட்டேன். இனிமேல் அது வந்தால் அறிவிப்புகூடக் கிடைக்காது. வெறும் வெள்ளைத் திரை. அதோடு சத்தம் அடங்கிவிடும் என்று பார்த்தேன், அடங்கவில்லை. திங்களும் தட்டியது, செவ்வாயும் தட்டியது. தட்டட்டும், வெள்ளைத் திரையைக் கொத்திக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே கூப்பிட்டதும் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். ஒரு தாக்குதலையே தடுத்திருக்கிறது என்...

என்ன கேட்டீர்கள்? வெள்ளையாகவா? ஆமாம், சுத்த வெள்ளை. ஓர் எழுத்து இருக்காது. ஏன் அம்மா?

இல்லை, திங்கட்கிழமை காலையிலேயே திறந்துவிட்டேனே. இதோ என் போனில் பாருங்கள், சென்டர் பெயர், மெஷின் படம், முறை போடும் கட்டம் எல்லாம் வருகிறது. உங்களுடையதில் வரவில்லையா? சில சமயம் டவர் இல்லாவிட்டால்... கொடுங்கள், பார்க்கலாம்.

வெள்ளை.

இருங்கள். இருங்கள் அம்மா. அவசரப்படக் கூடாது. வெள்ளைத் திரைக்கு ஆயிரம் காரணம் உண்டு. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இந்தத் தளத்தைத் திறந்தீர்கள். ஒரு தடவை. இரண்டு மூன்று தடவை இருக்கும்.

இல்லையா.

நாள் முழுக்கவா? போனை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டா? ஏன் அப்படி? சரி, முறை போய்விடும் என்ற பயம், புரிகிறது. ஞாயிறு பதிவு செய்யாத இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அந்த விதி எனக்கும் தெரியும். ஆனால் விரைவில் திறக்கும் என்று எழுதியிருந்தேனே. அதைப் படித்தும்...

ஓ. அதைப் படித்ததால்தானா.

சீக்கிரம் திறக்கிறோம் என்று இத்தனை மரியாதையாகச் சொல்கிறார்களே, இப்போது திறந்துவிடும், இப்போது திறந்துவிடும் என்று திரையை இழுத்து இழுத்துப் பார்த்தீர்களா. வேறு ஏதாவது கன்னாபின்னா என்று வந்திருந்தால் பஸ் ஏறி நேரிலேயே வந்திருப்பீர்களா. சாப்பிட்டீர்களா அன்றைக்கு? மதியம்? சும்மாதான் கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை இங்கே போன் செய்தீர்கள் அல்லவா? செய்தீர்களா. என்ன சொன்னார்கள்? "சைட் தொறந்தாச்சுங்க்கா, அதுலயே போட்டுக்குங்க." அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவள் போனில் திறந்துதான் இருந்தது. எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. நீங்கள் திரும்பப் பார்த்தீர்கள், வெள்ளை. இன்னும் வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தீர்கள். செவ்வாயும். புதன்கிழமை அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து... நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதா.

அப்படியென்றால் வீட்டுக்காரர் இங்கே உள்ளே மெஷினில் இல்லை. கோயமுத்தூரில் இருக்கிறார். நீங்கள் இங்கே அவருக்காகக் காத்திருக்கவில்லை. உங்களையும் இந்தக் கூட்டத்துக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் ஏன் சொல்லவில்லை?

ஆமாம். நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

பேசுகிறாரா அவர்? கண் திறந்தாரா? குழாய் வைத்திருக்கும்போது பேச முடியாது, அது சரிதான். கையைப் பிடித்தால் அழுத்துகிறாரா. அது போதும் அம்மா. அழுத்தினால் நல்லது. எனக்கு வைத்தியம் தெரியாது, இருந்தாலும் அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே பாருங்கள், என் போனை. தடுத்து வைத்தவர்கள் பட்டியல் இது. ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. உங்கள் போன்தான். இதன் மேல் விரலை வைத்து எடுத்துவிட்டால் அடுத்த நொடி உங்கள் போனில் தளம் வந்துவிடும். சென்டர் பெயர், மெஷின் படம், கட்டம், எல்லாம். இப்போதே எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் இந்தப் பட்டியல் காலியாகிவிடும். உள்ளே போய் நீங்கள் போனைக் காட்டினால் எல்லாருக்கும் வருகிற மாதிரி உங்களுக்கும் வரும். "நல்லாத்தானேங்க்கா வருது" என்பார்கள். போன் பழகாத அம்மா, எதையோ தப்பாக அழுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். என் பதிவேட்டில் ஒரு பிழைகூட இருக்காது. ஐந்நூற்று மூன்று, ஐந்நூற்று மூன்று, எல்லாம் சரியாக.

கதவு திறக்கிறது. ஆறுச்சாமிதான். உங்களைத்தான் கூப்பிடுகிறார், சென்னியப்பன் வீட்டு ஆளுங்க என்று. சென்னியப்பனா அவர் பெயர்? நான் கேட்கவே இல்லையே.

போங்கள் அம்மா. போனைப் பையில் போட வேண்டாம், கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. அந்த வரி அப்படியே இருக்கிறது. உள்ளே போனதும், ஜன்னல் பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், அவள்தான் தில்ஷாத். மற்றவர்களிடம் காட்ட வேண்டாம், டவர் இல்லை என்பார்கள். அவளிடம் கொடுங்கள். ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். பிறகு கேட்பாள், இந்த போனை மட்டும் யார் தடுத்தது என்று.

வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.